தறியில கத்துக்கிட்டதுக்குக் கல்லூரியில கிரெடிட் கிடைக்குமா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கப்போற கேள்வி, காஞ்சிபுரம் பக்கம் நெசவாளர் வீடுகள்ல அடிக்கடி கேட்கிற கேள்வி. "இருபது, இருபத்தஞ்சு வருஷமா தறியில உட்கார்ந்திருக்கேன். இதுக்கெல்லாம் படிப்புல ஏதாவது மதிப்பு உண்டா? திரும்பப் படிக்கப் போனா, ஒண்ணுமே தெரியாத ஆள் மாதிரி முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணுமா?"

சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடறேன். மதிப்பு உண்டு. ஆனா அந்த மதிப்பு வருஷத்துக்கு இல்ல. அந்த வருஷங்கள்ல என்ன கத்துக்கிட்டீங்களோ அதுக்கு. அதையும் நீங்க காட்டணும், ஒருத்தர் சோதிச்சுப் பார்த்து ஒத்துக்கணும். காட்டறதுக்கு வேண்டிய பொருளைத் தொகுத்து வைக்கிறதைத்தான் போர்ட்ஃபோலியோன்னு சொல்றாங்க. நாம 'சான்றுக் கோப்பு'ன்னு வச்சுக்கலாம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடத்துக்கு வெளியே கத்துக்கிட்டதை மதிப்பிட்டு ஏத்துக்கிறதுக்கு 'முன்கற்றல் ஏற்பு'ன்னு பேர். ஆங்கிலச் சுருக்கம் ஆர்.பி.எல். அமெரிக்காவுல 1974-ல் இதுக்குன்னே 'கேல்' என்ற அமைப்பு தொடங்கினாங்க. வேலை பார்த்துக்கிட்டே படிக்க வர்ற பெரியவங்க, தங்களுக்குத் தெரிஞ்சதை ஒரு கோப்பா எழுதிக் கொடுத்து கல்லூரி கிரெடிட் வாங்குற வழக்கம் அங்க பல கல்லூரிகள்ல பரவிச்சு. பிரான்ஸ்ல 2002-ல் சட்டமே போட்டாங்க. வேலை அனுபவத்தைக் கோப்பா எழுதி, நடுவர் குழு முன்னாடி உட்கார்ந்து பதில் சொல்லி, முழுப் பட்டத்தையே அங்க வாங்க முடியும்.

இந்தியாவுல 2013 டிசம்பர்ல தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. ஒவ்வொரு தொழில் திறமைக்கும் ஒரு படிநிலை வைக்கிற ஏற்பாடு அது. அப்புறம் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்துல ஆர்.பி.எல். ஒரு பிரிவா சேர்ந்தது. 2023 ஏப்ரல்ல தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வெளியாச்சு. பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் நாலையும் ஒரே அளவுகோல்ல அளக்கலாம்னு அது சொல்லுது. அதுக்கு அடுத்த வருஷம் யூ.ஜி.சி. உயர்கல்வியில ஆர்.பி.எல். எப்படி நடத்துறதுன்னு ஒரு வழிகாட்டுதல் வரைவும் கொண்டு வந்தது.

ஆக, காகிதத்துல கதவு இருக்கு. அதுவழியா உள்ள போறதுக்கு என்ன வேணும்னு இனி பார்க்கலாம்.

அனுபவம் வேற, கற்றல் வேற

கோப்பு எழுதுறவங்க பெரும்பாலும் சறுக்குறது இந்த இடத்துலதான். "25 வருஷம் நெய்தேன்" என்பது அனுபவம். அந்த 25 வருஷத்துல ஒருத்தர் ஒரே மாதிரி புட்டாவை மட்டுமே போட்டிருக்கலாம். இன்னொருத்தர் எட்டே வருஷத்துல கோர்வை, பேட்னி, ஜக்கார்டு மூணும் கத்துக்கிட்டு, தறி கோளாறானா தானே சரிபண்ற அளவுக்கு வந்திருக்கலாம். மதிப்பீடு பண்றவர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "உங்களுக்கு என்ன தெரியும், ஏன் அப்படிச் செய்றீங்க, வேற மாதிரி சூழ்நிலை வந்தா என்ன பண்ணுவீங்க?"

கோர்வையை எடுத்துக்குங்க. சேலையோட உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். இரண்டும் சேர்ற கோட்டுல நிறம் கலங்காம, கத்தியால வெட்டின மாதிரி நிக்கணும். அதுக்கு மூணு நாடா ஓடும்: உடலுக்கு ஒண்ணு, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொண்ணு. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கணும். பேட்னி இன்னும் நுணுக்கம். முந்தி ஆரம்பிக்கிற இடத்துல பழைய நிறப் பாவு இழைகளோட புது நிறப் பாவு இழைகளைச் சேர்த்து, நெய்து இறுக்கின பிறகு பழசை வெட்டி எடுக்கணும்.

இதைக் கை செஞ்சு முடிச்சிடும். வாய் சொல்லாது. கை அறிஞ்சதை வாய்க்கும் பேனாவுக்கும் கொண்டு வர்ற வேலைதான் கோப்பு எழுதறது.

காஞ்சிபுரத்துக்குன்னு ஒரு சிக்கல்

ஒரு கணினிப் பொறியாளரோ தச்சரோ தன் வேலையைக் காட்டணும்னா, ஏதோ ஒரு இடத்துல அவர் பேர் போட்ட தாள் இருக்கும், இல்லேன்னா செஞ்ச பொருளையாவது போய்ப் பார்க்கலாம். காஞ்சிபுரம் நெசவாளருக்கு அப்படி இல்ல. பிள்ளையார்பாளையத்துல ஒரு வீட்டுல நெய்து முடிச்ச சேலை, மடிச்சு கூட்டுறவு சங்கத்துக்கோ முதலாளி வீட்டுக்கோ போயிடுது. அங்கிருந்து கடைக்குப் போகுது. பெட்டியில கடை பேர் இருக்கும். காஞ்சிபுரம் பட்டுக்கு புவிசார் குறியீடு இருக்கு, அது ஊரோட பேரைக் காக்குது. நெய்த ஆளோட பேர் எங்கயும் இல்ல. ஆயிரக்கணக்கான சேலை நெய்தவர் கையில, தான் நெய்ததுன்னு காட்ட ஒரு முழத் துணி இருக்காது. சான்று வாசலைத் தாண்டிப் போயிடுது.

வீட்டுப் பெண்களோட நிலைமை இன்னும் மோசம். தார் சுத்துறது, பாவு பிணைக்கிறது, பல வீடுகள்ல நெய்யறதும் அவங்கதான். சங்கத்துக் கணக்கு மட்டும் அப்பா பேர்லயோ கணவர் பேர்லயோ இருக்கும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாட்டுல இந்தத் தொழில்ல இருக்கிற 35 லட்சத்துச் சொச்சம் பேர்ல பெரும்பாலானவங்க பெண்கள்.

மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு. கோர்வைத் தறியில கரை நாடாவைத் தள்ளித் தர ஒரு துணையாள் வேணும். ஒரு காலத்துல அந்த இடத்துல உட்கார்ந்தவங்க நிறைய பேர் குழந்தைகள். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் பள்ளிக்கூடம் போகாம தறியில உட்கார்ந்தாங்க. பட்டுத் தொழில்ல குழந்தைக் கொத்தடிமை பத்தி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரமும் இருக்கு. அரசும் தொண்டு அமைப்புகளும் பாடுபட்டு அந்தப் பிள்ளைங்களைப் பள்ளிக்கு அனுப்பினாங்க. அதுக்கு முன்னாடியே தறியில உட்கார்ந்து வளர்ந்தவங்களுக்கு இன்னைக்கு நாற்பது வயசு இருக்கும். அவங்ககிட்ட பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததுக்குக் காரணமே தறிதான். அந்தத் தறி சொல்லிக்கொடுத்ததையாவது படிப்பு உலகம் கணக்குல எடுக்கணும்னு அவங்க கேட்டா, அது சலுகை கேட்கிறது ஆகாது.

கோப்புல என்னென்ன வைக்கலாம்?

சேலை கையில இல்லன்னாலும், தேடினா சான்று கிடைக்கும்.

முதல்ல சங்கத்துப் பாஸ்புக். பட்டும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுத்தது, சேலையை எடைபோட்டு வாங்கினது, கூலி எவ்வளவுன்னு வரிசையா அதுல இருக்கும். வருஷம், அளவு, வேலையோட தரம் மூணுக்கும் அது சாட்சி. பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாதீங்க. தனியார் முதலாளிகிட்ட நெய்யறவங்க கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எடுத்து வைக்கலாம்.

இரண்டாவது, நெசவாளர் அடையாள அட்டை. வீட்டுப் பெண்களுக்கும் அவங்கவங்க பேர்லயே வாங்கி வைக்கணும்.

மூணாவது, படமும் காணொளியும். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறதுக்கு முன்னாடி உடல், கரை சேர்ற இடம், முந்தி, பின்பக்கம் நாலையும் வெளிச்சத்துல படம் எடுங்க. முதலாளியோட புது டிசைனா இருந்தா அவர்கிட்ட கேட்டுட்டு எடுங்க. கோர்வை போடறதையோ பேட்னி சேர்க்கறதையோ இரண்டு நிமிஷம் காணொளியா, உங்க முகமும் கையும் தெரியற மாதிரி எடுத்தா, "இது நீங்க செஞ்சதுதானா?" என்ற சந்தேகமே வராது.

நாலாவது, வரைபடத்தாள்ல போட்ட டிசைன், ஜக்கார்டு அட்டை, மிச்சமான துணித் துண்டு, நிறக் குறிப்பு எழுதின நோட்டு.

அஞ்சாவது, மத்தவங்க எழுத்து. காஞ்சிபுரத்துல இருக்கிற நெசவாளர் சேவை மையத்துல பயிற்சி எடுத்திருந்தா அந்தச் சான்றிதழ். சங்கத்துல இருந்தோ, நீங்க தொழில் சொல்லிக்கொடுத்த ஆள்கிட்ட இருந்தோ கடிதம். "நல்லவர், உழைப்பாளி"ன்னு எழுதி வாங்காதீங்க. "இன்ன வருஷத்துல இருந்து இன்ன வருஷம் வரை இன்ன வகைச் சேலை நெய்தார், இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்"ன்னு எழுதி வாங்குங்க.

ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம்

சான்றுகளை அடுக்கினா மட்டும் கோப்பு ஆகாது. ஒவ்வொரு சான்றுக்கும் முன்னாடி, அது எந்தக் கற்றலைக் காட்டுதுன்னு எழுதணும். கற்பனையா ஒரு அக்காவை வச்சுக்குவோம். எட்டாவது வரை படிச்சவங்க, இருபது வருஷமா நெய்யறவங்க. அவங்க முதல்ல இப்படி எழுதுறாங்க:

"நான் இருபது வருடமாகக் கோர்வைப் பட்டு நெய்கிறேன். பாவு முதல் மடிப்பு வரை எல்லா வேலையும் நன்றாகத் தெரியும்."

உண்மைதான். ஆனா இதை வச்சு யாரும் மதிப்பெண் போட முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்க:

"கரையும் உடலும் சேரும் இடத்தில் ஊடையின் இழுப்பு கூடினால் கோடு உள்பக்கம் வாங்கும், தளர்ந்தால் இழை தூக்கி நிற்கும். பத்து விரற்கடைக்கு ஒருமுறை கோட்டைத் தடவிப் பார்த்து, தார் சுற்றிய இறுக்கத்தையும் நாடாவையும் சரிபார்ப்பேன். இந்தப் பிழை வந்த துண்டும், சரிசெய்த துண்டும் இணைப்பு மூன்றில் உள்ளன."

இதுல பிழை இருக்கு, காரணம் இருக்கு, தீர்வு இருக்கு, சான்றும் இருக்கு. ஜவுளிப் படிப்புல 'துணிக் குறைபாடுகள்'னு ஒரு பாடம் நடத்துறாங்க. அந்தப் பாடத்துல கேட்கிறதுக்கு இவங்க எழுதினது நேரா பதில் சொல்லுது.

கணக்கும் அப்படித்தான். ஒரு பாவுக்கு எவ்வளவு பட்டு வேணும்னு அக்காவுக்கு மனசுலயே தெரியும். கல்லூரியில அதுக்கு டெனியர்னு ஒரு அளவு வச்சிருக்காங்க: 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் இருக்கோ, அத்தனை டெனியர். உதாரணத்துக்கு 4,800 இழை, மூணு சேலைக்கு 20 மீட்டர் நீளப் பாவுன்னு வைங்க. மொத்த இழை 96,000 மீட்டர். 42 டெனியர் நூல்னா, 96,000-ஐ 9,000-ஆல வகுத்து 42-ஆல பெருக்கணும். 448 கிராம் வருது. சாயம் போடறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில கொதிக்க வைக்கும்போது பட்டுல இருக்கிற பசை போயி ஏறக்குறைய கால் பங்கு எடை குறையும். மிச்சம் 336 கிராம். அக்கா இதைக் கைக்கணக்கா சொல்வாங்க. கோப்புல சூத்திரத்தோட எழுதினா, அதுவே 'ஜவுளிக் கணக்கீடு' என்ற பாடத்துக்கான சான்று.

நடைமுறை யோசனை ஒண்ணு. சேலத்துல இருக்கிற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி இடங்கள்ல நடத்துற படிப்போட பாடத்திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் நேரா "தெரியும், பாதி தெரியும், தெரியாது"ன்னு குறிங்க. தெரியாததைத் தெரியாதுன்னே விடுங்க. அந்த நேர்மைதான் மிச்சப் பக்கங்களை நம்ப வைக்கும்.

கிரெடிட் கணக்கு

தேசியக் கிரெடிட் கட்டமைப்புல 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். ஒரு வருஷப் படிப்புக்கு 40 கிரெடிட். மூணு வருஷப் பட்டத்துக்குக் குறைஞ்சது 120. அனுபவத்துக்குன்னு ஒரு பெருக்கமும் வச்சிருக்காங்க. ஒரு தகுதியில தேர்ச்சி பெற்றவருக்கு வருஷம் ஏற ஏற அந்தப் பெருக்கம் கூடும். உச்சம் 2 மடங்கு. ஏழு வருஷத்துக்கு மேல போனா அதுக்குத் தகுதி. அதாவது மதிப்பீட்டுல 10 கிரெடிட் வாங்கினவருக்கு அது 20 ஆகலாம்.

இதுல இரண்டு விஷயம் கவனிங்க. எட்டு வருஷம் நெய்தவருக்கும் நாற்பது வருஷம் நெய்தவருக்கும் உச்சம் அதே 2 மடங்குதான். அடுத்தது, மதிப்பீடு இல்லாம கிரெடிட் இல்ல. பூஜ்யத்தை இரண்டால பெருக்கினாலும் பூஜ்யம்தான். வருஷத்துக்கு இல்ல, கற்றதுக்குன்னு முதல்ல சொன்னதோட கணக்கு இதுதான்.

எந்தக் கதவைத் தட்டுறது?

நெசவாளருக்கு இன்னைக்குக் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற முதல் கதவு, திறன் சான்றிதழ். ஜவுளித் துறைத் திறன் குழுமம் கைத்தறி ஜக்கார்டு நெசவாளர் போன்ற வேலைகளுக்குத் தரம் வகுத்திருக்கு. ஆர்.பி.எல். முகாம் நடக்கும்போது சேர்ந்து மதிப்பீட்டுல தேறினா சான்றிதழ் கிடைக்கும். உங்க கைக்கு அரசாங்கம் கொடுக்கிற முதல் எழுத்து அது.

ஆனா ஒரு எச்சரிக்கை. கட்டமைப்புல பிளஸ் டூ 4-ம் நிலை. ஒரு திறன் சான்றிதழும் 4-ம் நிலைன்னு சொல்லலாம். அதனால அது பிளஸ் டூ சான்றிதழ் ஆயிடாது. இரண்டும் ஒரே உயரத்துல இருக்கிற வேற வேற படிக்கட்டு.

தமிழ்நாட்டுல இது ரொம்ப முக்கியம். முதல் பட்டம் இல்லாமலே திறந்தநிலையில நேரா முதுகலைப் பட்டம் வாங்கினதை உச்ச நீதிமன்றம் 2009-ல் ஏத்துக்கல. அதே வருஷம் தமிழ்நாடு அரசும், பத்தாவதும் பிளஸ் டூவும் முடிக்காம திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வாங்கின பட்டம் அரசு வேலைக்குச் செல்லாதுன்னு ஆணை போட்டது. அதனால யாராவது "எட்டாவது போதும், நேரா டிகிரி வாங்கித் தர்றேன்"னு பணம் கேட்டா, எழுந்து வந்துடுங்க.

இரண்டாவது கதவு அதனாலதான் வருது: பள்ளிப் படிப்பை முடிக்கிறது. தனித்தேர்வரா எழுதலாம். இல்லேன்னா தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு. அங்க பதிவு பண்ணினா அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது வாய்ப்புல பாடங்களைக் கொஞ்சம் கொஞ்சமா எழுதி முடிக்கலாம். முன்னாடி வேற போர்டுல எழுதித் தேறின பாடம் இருந்தா, இரண்டு பாடம் வரை மாத்திக்கவும் வழி உண்டு. 2016 ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினத்தன்னிக்கு ஜவுளி அமைச்சகம் இந்தப் பள்ளியோடவும் இக்னோவோடவும் ஒப்பந்தம் போட்டது. நெசவாளர் குடும்பத்துல பட்டியலினத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்க, பெண்கள் ஆகியோருக்கு 75 சதவீதக் கட்டணத்தை அமைச்சகமே தரும்னு அறிவிச்சாங்க. நெசவாளர் சேவை மையத்துல போய், இந்த வருஷம் அது எப்படி நடக்குதுன்னு கேளுங்க. எந்தக் கல்லூரிக்காக, எந்த வேலைக்காகப் படிக்கிறீங்களோ, அங்க இந்தச் சான்றிதழ் செல்லுமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க.

மூணாவது கதவு கல்லூரி. எவ்வளவு கிரெடிட், எந்தப் பாடத்துக்குன்னு முடிவு பண்றது அந்தந்த நிறுவனம். தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏத்துக்கல. அதனால பக்கத்துல இருக்கிற அரசுக் கல்லூரியில இந்த ஏற்பாடு இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. மத்திய நிறுவனங்கள், இக்னோ மாதிரி இடங்கள்ல முதல்ல விசாரிங்க.

ஒரு முரண்

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியாகணும். யூ.ஜி.சி. 2022-ல் 'நடைமுறைப் பேராசிரியர்'னு ஒரு பதவி கொண்டு வந்தது. துறையில 15 வருஷம் சிறந்து விளங்கினவங்க பட்டம் இல்லாமலே கல்லூரியில பாடம் எடுக்கலாம். அடுத்த வருஷம் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரிகள் வரவழைக்க வழிகாட்டுதல் வந்தது. ஆக, விதிப்படி பார்த்தா ஒரு கோர்வை நெசவாளர் வகுப்புல நின்னு பாடம் நடத்தலாம். அதே வகுப்புல மாணவரா உட்காரத்தான் பிளஸ் டூ வேணும்!

மாமல்லபுரத்துல 1957-ல் தொடங்கின சிற்பக் கல்லூரியைப் பாருங்க. ஸ்தபதிகளோட பரம்பரை அறிவு பாடத்திட்டமா மாறி, இன்னைக்கு அதுக்குப் பட்டமே கொடுக்கிறாங்க. வாய்வழி வந்த தொழில் அறிவைப் படிப்பா மாத்த முடியும்னு அது காட்டுது. ஆனா அந்தப் பட்டம் கல்லூரியில சேர்ந்து படிக்கிறவங்களுக்கு. ஏற்கெனவே கத்துக்கிட்டு வந்தவருக்கு உரியதைக் கொடுக்கிறது அதுக்கு அடுத்த படி. கோபுரத்தைக் கல்லுல செதுக்குற அறிவுக்குப் பாடத்திட்டம் இருக்கு. அதே கோபுரத்தைக் கரையில நெய்யற அறிவையும் அப்படி மதிப்பிடணும்னா, மதிப்பிட ஏதாவது எழுத்துல இருக்கணும்.

அதனால கல்லூரி எப்ப தயாராகும்னு காத்திருக்க வேண்டாம். ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்க. அடுத்த சேலை தறியை விட்டு இறங்கினதும், சங்கத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி நாலு படம் எடுத்துட்டு, தேதி, இழைக் கணக்கு, எடை, எங்க சிக்கல் வந்தது, எப்படிச் சரிபண்ணினீங்கன்னு அஞ்சு வரி எழுதுங்க. எழுத வரலைன்னா வீட்டுல படிக்கிற பிள்ளைகிட்ட சொல்லி எழுதச் சொல்லுங்க. வருஷம் முடியும்போது அந்த நோட்டு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாருங்க. எந்தக் கதவைத் தட்டினாலும் அவங்க முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.